கலங்கியதும் கரைந்ததும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவில் விஞ்ஞானம் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு செயலாளர் கேட்டபொழுது நாம் தெரிந்தெடுத்த பொருள் சிலருக்கு வியப்பைத் தந்தது. நீரிற் கரையும் செயற்கைப் பொருளொன்றைப் பற்றி, அதுவும் வாயில் நுழையாத பெயருள்ள ஒன்றைப் பற்றி, வன்னியிலே ஏன் பேசவேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு விடையாக, நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம்.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் பெருவெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கனகராயன் ஆறு பெருகிற்று. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின்னர், இளைஞர் சிலர் சேர்ந்து சிற்றூர் ஒன்றிற்குக் கிணறு துப்புரவு செய்யச் சென்றோம். அங்கே 11 குடும்பங்கள் ஒரே கிணற்றை நம்பியிருந்தன. ஒரு தடவை இறைத்தோம். மீண்டும் ஊறிய நீரும் பால்விட்ட தேநீரைப் போலவே இருந்தது. இரண்டு நாள் பொறுத்தும் தெளியவில்லை.

அப்பொழுது, குழாய்க்கிணறு துளையிடும் வேலையில் நின்ற ஒருவர் வெள்ளைத் தூள் கொண்ட பையொன்றைக் கொணர்ந்தார். "இதைப் போட்டால் சேறெல்லாம் அடியிலை இருந்துவிடும், தம்பியவை" என்றார். அவர் நல்ல எண்ணத்துடனேயே சொன்னார். நாமும் நல்ல எண்ணத்துடனேயே கேட்டோம். வேறு எவரையும் விசாரியாமல், ஒரு கிலோகிராம் தூளைக் கிணற்றிற் கொட்டித் தடியாற் கலக்கினோம்.

மறுநாட் காலை சென்று பார்த்தபொழுது நீர் தெளிந்திருக்கவில்லை. மேலே ஊறிய சவ்வரிசி போன்ற கட்டிகள் மிதந்தன. வாளியைத் தூக்கினால் நீர் நூல்போல் இழுபட்டுத் தொங்கிற்று. அயல் வீட்டு ஆச்சி ஒருவர் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி வழுக்குது மோனை. இதை நான் மாட்டுக்கும் வையன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

செய்தியறிந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவர் எம்மை ஏசவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டார். "இது என்ன தூள்? இந்தக் கிணற்றிலே எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கிறது?" இரண்டிற்கும் எம்மிடம் விடை இருக்கவில்லை. அதன்பின் மூன்று நாள் கிணற்றை இறைத்துக் கழுவினோம். அந்த மூன்று நாளும் 11 வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் குடங்களையும் கான்களையும் சைக்கிளிற் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து நீர் சுமந்தார்கள். வெள்ளம் செய்த துன்பத்தின்மேல் எமது அவசரம் செய்த துன்பமும் சேர்ந்தது. இன்றைய உரை, அன்று நாம் சொல்லத் தவறிய அந்த இரண்டு விடைகளுமே ஆகும்.

முதற் கேள்வி: இது என்ன தூள்? பையிலிருந்த பெயரைப் பின்னர் வாசித்தறிந்தோம். அது பொலியக்கிறிலமைட்டு என்னும் பொருள். பெயரைக் கண்டு அஞ்சவேண்டாம். 'பொலி' என்றால் பல. அக்கிறிலமைட்டு என்னும் சிறு மூலக்கூறுகள் பல, மாலையிற் பூக்கள்போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு ஒரு நீண்ட சங்கிலியாகின்றன. இத்தகைய சங்கிலிகளைப் பல்பகுதியம் என்று பாடசாலையிற் படிக்கின்றோம். கோக்கப்படும் சிறு மூலக்கூறு ஒருபகுதியம். இயற்கையிலும் பல்பகுதியங்கள் உண்டு. சோற்றுக் கஞ்சியிலுள்ள மாப்பொருளும், வேட்டியிலுள்ள பருத்தியும் அவ்வகையினவே. இவை உண்மையிலேயே நீண்ட சங்கிலிகள் என்று ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹேர்மன் ஸ்டவுடிங்கர் 1920ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபொழுது பலர் ஏற்கவில்லை. 1953ஆம் ஆண்டில் அவருக்கு இரசாயனத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. அந்த 1950களிலேயே பொலியக்கிறிலமைட்டும் வணிகப் பொருளாக வெளிவந்தது.

கடையிலே சாமான் கட்டித்தரும் பொலித்தீன் பையும் பல்பகுதியமே. ஆனால் அது நீரிற் கரைவதில்லை. பொலியக்கிறிலமைட்டு கரைகின்றது. காரணம் யாதெனில், இச்சங்கிலியின் நெடுகிலும் நைதரசனும் ஒட்சிசனும் கொண்ட சிறு கிளைகள் தொங்குகின்றன. அவை நீர் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பினாற் பற்றிக்கொள்கின்றன. பொலித்தீனுக்கு அத்தகைய கைகள் இல்லை.

சங்கிலியின் நீளத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். அக்கிறிலமைட்டின் மூலக்கூற்று நிறை 71. நீரைத் தெளிவிக்கப் பயன்படும் வகைகளின் மூலக்கூற்று நிறை ஒரு கோடியையும் தாண்டுவதுண்டு. அப்படியாயின் ஒரு சங்கிலியில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் மணிகளுக்குக் குறையா. அதனை நேராக இழுத்துப் பிடித்தால் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பளவு நீளும். மூலக்கூறுகளின் உலகத்தில் இது மலைப்பாம்பு. ஆகவேதான் சிறிதளவு தூள் கரைந்தாலும் நீர் கஞ்சிபோலத் தடிக்கின்றது. எமது வாளியில் நூல் இழுபட்டதன் காரணமும் அதுவே.

இனி, இது சேற்றை எவ்வாறு இருத்துகின்றது என்று பார்ப்போம். நீரைக் கலக்குவது பெரும்பாலும் நுண்ணிய களித்துணிக்கை. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு பருமனுள்ள துணிக்கை, அசையாத நீரிலே ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்குப் பத்து நாள் வரையிற் செல்லும். அதனிலும் நுண்ணியவை இறங்கவே மாட்டா. ஏனெனில் களித்துணிக்கைகள் யாவும் மறை மின்னேற்றம் உடையன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆதலால் அவை கூடாமலும் இறங்காமலும் நீரிலே அலைந்துகொண்டிருக்கின்றன. இரண்டு நாள் காத்தும் கிணறு தெளியாமைக்கு இதுவே காரணம்.

நீர் வழங்கும் நிலையங்களில் முதலிற் படிகாரம் அல்லது அதனையொத்த அலுமினிய உப்பு சேர்க்கின்றார்கள். அதன் நேரேற்றம் களியின் மறையேற்றத்தைத் தணிக்க, துணிக்கைகள் சிறு திரள்களாகக் கூடுகின்றன. வேண்டுமாயின் அதன்பின் பொலியக்கிறிலமைட்டைத் துளியளவு சேர்ப்பார்கள். நீண்ட சங்கிலி ஒரு திரளை ஒரு முனையாலும் இன்னொன்றை மறுமுனையாலும் பற்றி, பலவற்றை ஒன்றாகக் கட்டுகின்றது. கட்டுண்ட திரள் பாரமாகி விரைவில் அடியில் இருக்கின்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சங்கிலிகள் அளவுக்கு மிஞ்சினால் ஒவ்வொரு துணிக்கையையும் சங்கிலியே முழுதாகப் போர்த்திவிடும். மற்றொன்றைப் பிடிப்பதற்கு இடமிராது. அப்பொழுது நீர் தெளிவதற்குப் பதிலாகக் கலங்கியே நிற்கும். அதிகம் போட்டால் அதிகம் தெளியும் என்று எண்ணிய எமக்கு நேர்ந்தது இதுவே. கலங்கல் நாளுக்கு நாள் மாறுவதால், நிலையங்களில் சிறு பாத்திரங்களில் வெவ்வேறு அளவிட்டுச் சோதித்த பின்னரே அன்றைய அளவை முடிவுசெய்கின்றார்கள்.

இப்பொருளின் பயன்கள் பல. கடதாசி ஆலையில் நார்த்தூளை வீணாகாமற் பிடித்துவைப்பதற்கு உதவுகின்றது. குழாய்க்கிணறு துளையிடும்போது துளையின் சுவர் கரைந்து விழாமற் காக்கின்றது. எமக்குத் தூள் வந்த வழியும் அதுதானே. சீன நாட்டின் டாசிங் எண்ணெய் வயலிலும், இந்தியாவின் ராஜஸ்தானிலுள்ள மங்களா வயலிலும், பாறையிடுக்கில் எஞ்சிய எண்ணெயைத் தள்ளி வெளியேற்ற, இது கலந்த தடித்த நீரை நிலத்துள் செலுத்துகின்றார்கள். ஆய்வுகூடத்தில் புரதங்களையும் மரபுப் பொருளின் துண்டுகளையும் வேறுபிரிப்பதற்கு இதன் களியைப் பயன்படுத்துகின்றார்கள்.

கமக்காரர்களாகிய எமக்கு மேலும் சுவையான செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கிம்பெர்லி என்னும் இடத்து விவசாய ஆராய்ச்சியாளர் 1990களில் வாய்க்காற் பாசனத்தில் இதனைச் சோதித்தார்கள். பாய்ச்சும் நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவே கலந்தபொழுது, வாய்க்காலில் மண் அரித்துச் செல்வது நூற்றுக்கு 90க்கு மேற் குறைந்தது. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டாலோ, பொருள் கரையும் தன்மையை இழந்து, நீரை உறிஞ்சி ஊதும் களியாகின்றது. குழந்தைகளின் அணையாடையிலுள்ள துகள் இந்த இனத்தைச் சேர்ந்ததே. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகையில் 'பூசா ஐதரோஜெல்' என்னும் பொருளை உருவாக்கி, மானாவாரிப் பயிருக்கு மண்ணில் ஈரம் காக்கும் வழியாகத் தந்திருக்கின்றது.

இத்தனை நன்மையுள்ள பொருளை ஏன் பரிசோதகர் இறைத்துக் கொட்டச் சொன்னார்? இங்கேதான் அவரது இரண்டாவது கேள்வி வருகின்றது: எத்தனை லீற்றர்?

அக்கிணற்றின் குறுக்களவு 10 அடி. நீரின் ஆழமும் 10 அடி. குறுக்களவை அதே எண்ணாற் பெருக்கி, ஆழத்தாற் பெருக்கி, பின்னர் 22ஆற் பெருக்கினால் ஏறத்தாழ லீற்றர்க் கணக்கு வரும். அஃதாவது 22,000 லீற்றர். ஐக்கிய அமெரிக்காவில் குடிநீருக்கு விதித்துள்ள கட்டுப்பாடு, லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற் போடலாகாது என்பதாகும். அதுவும் தூளில் எஞ்சியுள்ள அக்கிறிலமைட்டு நூற்றுக்கு 0.05 பங்கைத் தாண்டாதிருந்தாற்றான். இக்கணக்கின்படி அக்கிணற்றின் உச்ச வரம்பு 22 கிராம். நாம் போட்டதோ 1,000 கிராம்! வரம்பை நாற்பத்தைந்து மடங்கு கடந்துவிட்டோம். அன்றியும், அது துளையிடும் வேலைக்காகச் செய்த தூள். குடிநீருக்குரிய தரமுடையது என்று பையில் எழுதியிருக்கவில்லை.

'எஞ்சியுள்ள அக்கிறிலமைட்டு' என்றோமே, அதனை விளக்கவேண்டும். சங்கிலியாகிய பொலியக்கிறிலமைட்டு மிகப் பெரியது. உடம்பு அதனை எளிதில் உட்கொள்ளாது. அதனாற் பெருந்தீங்கு இல்லை என்பதே பொதுக் கருத்து. ஆனால் கோக்கப்படாமல் எஞ்சிவிடும் ஒற்றை மணியாகிய அக்கிறிலமைட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 1994ஆம் ஆண்டில் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென நம்பத்தக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. குடிநீரில் லீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டும் அளவு. ஐரோப்பிய ஒன்றியம் 0.1 என்று இன்னும் இறுக்கியிருக்கின்றது. எமது தூள் நல்ல தரமுடையதாகவே இருந்திருந்தாலும், அக்கணக்கின்படி கிணற்றில் 20 மைக்கிரோகிராமுக்கு மேல் இருந்திருக்கலாம். நீர் வடிகட்டியாலும் துணியாலும் அது அகலாது. ஏனெனில் அது கலங்கியதன்று, கரைந்தது.

வெளிநாடுகளில் இதன் பாடத்தைத் துன்பத்தால் கற்றிருக்கின்றார்கள். யப்பானில் 1970களில், நிலத்தை இறுக்குவதற்காகச் செலுத்திய அக்கிறிலமைட்டு அருகிலிருந்த கிணற்றிற் கலந்தது. அந்நீரைப் பருகிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவருக்கு மனம் குழம்பி, நடை தள்ளாடிற்று. நாளடைவிலே தேறினார்கள். சுவீடன் நாட்டில் 1997ஆம் ஆண்டில் ஹலண்ட்சோஸ் என்னும் குன்றினூடாகப் புகையிரதச் சுரங்கம் அமைத்தபொழுது, நீர்க்கசிவை அடைப்பதற்குப் பாய்ச்சிய பொருளிலிருந்து அக்கிறிலமைட்டு ஓடையிற் கலந்தது. மீன்கள் இறந்தன. அந்நீரைக் குடித்த பசுக்களின் கால்கள் முடங்கின. அதனைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியின் பயனாகவே, அதிக சூட்டிற் பொரித்த உருளைக்கிழங்கு முதலிய உணவுகளிலும் அக்கிறிலமைட்டு உண்டாகின்றது என்பதை 2002ஆம் ஆண்டில் உலகம் அறிந்தது.

மணி நஞ்சு, மாலை மருந்து என்றால் இது என்ன விந்தை என்று சிலர் கேட்கலாம். எமது காட்டிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. வன்னிக் காட்டில் வளரும் தேற்றா மரத்தைப் பெரியோர்கள் அறிவார்கள். சிங்கள மக்கள் அதனை 'இங்கினி' என்பார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து, கலங்கல் நீரை ஊற்றிவைத்தால் விடியும்முன் நீர் தெளியும். கலித்தொகைக் காலத்துப் புலவரே இதனை உவமையாக எடுத்தாண்டிருக்கின்றார். நீரைத் தெளிவிப்பது அக்கொட்டையிலுள்ள புரதமும் மாச்சத்தை ஒத்த நீண்ட சங்கிலிகளும் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கின்றது. அஃதாவது, ஆலை செய்யும் பல்பகுதியத்தின் வேலையைக் காட்டு மரத்தின் பல்பகுதியம் முன்னரே செய்துவந்திருக்கின்றது. ஆனால் அதே தாவரச் சாதியைச் சேர்ந்தது எட்டி மரம். எட்டிக் கொட்டையிலே ஸ்திரிக்னைன் என்னும் கொடிய நஞ்சு உண்டு. தேற்றாவில் அந்த நஞ்சு இல்லை. ஒரே குடும்பத்தில் ஒன்று நீரைத் தெளிவிக்கும், மற்றொன்று உயிரைக் குடிக்கும். இன்னதென்று அறிந்து எடுப்பவனுக்கே காடு உதவும். ஆலைத் தூளுக்கும் அதே சட்டந்தான்.

கிணற்றை இறைத்து முடித்த மாலை, எம்மைக் கண்டித்த அதே ஆச்சி சேலைத் தலைப்பிலிருந்து இரண்டு தேற்றாங்கொட்டைகளை அவிழ்த்துத் தந்தார். முட்டியில் உரைத்துவைத்தோம். காலையில் மேல்நீர் கண்ணாடிபோல் இருந்தது. ஆச்சி அப்படியே குடிக்கப் போனார். அப்பொழுது பரிசோதகர் ஆச்சியையும் தடுத்தார். "தெளிஞ்சது சரி ஆச்சி. கிருமி போகேல்லை. கொதிக்க வையுங்கோ" என்றார். ஆச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுப்பை மூட்டினார். அன்று இளைஞரும் ஆச்சியும் ஒரே பாடத்தை இரு பக்கமிருந்து கற்றோம்.

அப்பாடம் யாதெனில், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று என்பதே. நீரிலே கலங்கியது வேறு, கரைந்தது வேறு. கலங்கியதைக் கண் காணும். படிகாரமும் பல்பகுதியமும் தேற்றாங்கொட்டையும் அதனை இருத்தும். கிருமியைக் கண் காணாது. அதற்குக் கொதிநீரோ குளோரீனோ வேண்டும். நீர் கலங்கியிருந்தால் குளோரீனும் நன்றாக வேலை செய்யாது. ஆகவே முதலில் தெளிவித்தல், பின்னர் கிருமி நீக்குதல் என்னும் ஒழுங்கைப் பேணவேண்டும். கரைந்த உப்போ, புளோரைட்டோ, கடினத்தன்மையோ இவற்றால் முழுமையாக நீங்காது. வவுனியா முதலிய இடங்களிற் சிறுநீரக நோயினால் வருந்தும் குடும்பங்களின் கிணறுகள் பல தெளிந்த கிணறுகளே என்பதை மறவாதீர்கள். அத்தகைய நீருக்குப் பரிசோதனையும் வேறு சுத்திகரிப்பும் வேண்டும்.

தெளிவித்தலையும் கிருமி நீக்கலையும் அளவோடு சேர்த்துச் செய்த நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. பேரிடர்க் காலங்களில் வழங்கப்படும் சிறு பொதி ஒன்றில் இரும்பு உப்பும், குளோரீன் தரும் பொருளும், சிறிதளவு பொலியக்கிறிலமைட்டும் சேர்ந்திருக்கின்றன. 4 கிராம் பொதி, 10 லீற்றர் நீர், ஐந்து நிமிடம் கலக்கல், துணியில் வடித்தல், இருபது நிமிடம் பொறுத்தல். அளந்து பொதியிட்டதால் அங்கே அப்பொருள் நண்பன். அளவின்றிக் கொட்டியதால் எமது கிணற்றிலே பகைவன்.

குளத்திலும் வாய்க்காலிலும் இத்தூளைக் கொட்டலாகாது என்பதையும் சொல்லிவைக்கின்றோம். இதில் நேரேற்றமுள்ள வகை மீனின் செவுளிற் படிந்து அதன் மூச்சை அடைக்கும். குளத்து மீனை நம்பி வாழ்வோர் எம்மிடையே பலர்.

இறுதியாக, இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாரிக்கு முன்னர் நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஒழுங்கையிலுள்ள கிணறுகளை அளந்து வாருங்கள். குறுக்களவு எத்தனை அடி, கோடையில் நீர் எத்தனை அடி, மாரியில் எத்தனை அடி என்று எழுதுங்கள். லீற்றர்க் கணக்கைப் போட்டுச் சங்க மண்டபச் சுவரிலே ஒரு பலகையிற் பதிவோம். வெள்ளம் வந்தால் பரிசோதகர் எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு குளோரீன் தூள் என்று கேட்கமுன்னர் எம்மிடம் விடை இருக்கும். பெரியோர்களிடம் வேண்டுவது, தேற்றா மரம் நிற்கும் இடங்களை இளைஞருக்குக் காட்டித் தாருங்கள். எட்டியிலிருந்து அதனைப் பிரித்தறியவும் கற்றுத் தாருங்கள்.

அந்த இரண்டு கேள்விகளையும் மீண்டும் சொல்லி அமர்கின்றோம். "இது என்ன? எவ்வளவு?" தோட்டத்து மருந்தாயினும், கடையில் வாங்கும் தூளாயினும், நல்லவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் தரும் பொருளாயினும், கிணற்றில் இடுமுன் இவ்விரண்டையும் கேட்போம். அன்று நாம் கேட்டிருந்தால், 11 வீட்டார் மூன்று நாள் நீர் சுமந்திருக்க வேண்டியதில்லை.